சிவந்த வால்வும் மூடாத பெட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஹாம் ரேடியோக்காரர் (உரிமம் வாங்கிச் சொந்த வயர்லெஸ்ஸில் உலகத்தோடு பேசுகிற அமெச்சூர்) ஒருவரைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். எங்களைப் பற்றி எழுதவும் ஒருவர் இருக்கிறாரே என்று காபியை ஆறவிட்டுப் படித்தேன். நடுவில், ஒலிபரப்பைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வைப் பற்றி ஒரு வரி. 'வால்வு கம்பெனிகள் பயந்துகொண்டு அளவைக் குறைத்துத்தான் போடும், தைரியம் இருந்தால் இரண்டு மடங்கு கறக்கலாம்.' இரண்டு 813 வால்வை வைத்து அவர் ஆயிரம் வாட் எடுக்கிறாராம், உள்ளே இருக்கும் பிளேட் என்ற உலோகத் தகடு செக்கச்செவேல் என்று ஜொலிப்பது கண்கொள்ளாக் காட்சியாம். அடுப்பில் பால் பொங்கி வழிவதும் கண்கொள்ளாக் காட்சிதான்.

உங்களுக்குத் தெரியாததில்லை, 813-இன் பிளேட் தாங்கும் வெப்பம் தொடர்ந்து ஓட்டினால் 100 வாட், எங்களைப் போல விட்டுவிட்டுப் பேசுகிறவர்களுக்கு 125. அதாவது அமெச்சூர்களுக்கான சலுகையை வால்வைச் செய்த ஆர்சிஏ கம்பெனியே தனியாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது, அதற்கு மேலும் தள்ளுபடி கேட்டால் எப்படி? ஆயிரம் வாட் வெளியே வர வேண்டுமானால் உள்ளே 1,600 வாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும், மிச்சம் 600 சொச்சம் வாட்டும் சூடாகி அந்த இரண்டு பிளேட்டின் தலையில்தான் விடியும். இரண்டும் சேர்ந்து தாங்குவது 250. பேச்சில் சராசரி குறையும் என்பார்கள், சரி. விடாமல் முழுச் சக்தியில் ஓட்டி ட்யூன் செய்யும்போது? குரலின் சராசரியைத் தூக்கிவிடும் கம்ப்ரஸரைப் போட்டுக்கொண்டு மைக்கில் கத்தும்போது?

நானும் யோக்கியன் இல்லை. 1983-இல் மூர் மார்க்கெட்டில் (எரிந்துபோகாத மூர் மார்க்கெட்) மிலிட்டரி கழிவில் நாலு 807 வால்வு வாங்கினேன். அதன் பிளேட்டுக்கு எங்களுக்கான எல்லை 750 வோல்ட். நான் கொடுத்தது 1,100. முதல் வாரம் மகாராஜா மாதிரி இருந்தது, நாற்பது மீட்டர் அலைவரிசையில் கூப்பிட்டவுடன் பதில் வரும். பிளேட் சிவந்தது, நானும் ரசித்தேன். அந்தச் சூட்டில் உலோகத்துக்குள் அடைந்து கிடந்த வாயு வெளியே வந்து வெற்றிடம் கெட்டுக்கொண்டிருந்தது அப்போது உறைக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி கண்ணாடிக்குள் ஊதா நிறத்தில் மினுமினு என்று ஓர் ஒளி, சட்டென்று ஒரு சத்தம், அப்புறம் வார்னிஷ் கருகும் நாற்றம். வால்வோடு நிற்கவில்லை, டிரான்ஸ்பார்மரும் போனது. அதைத் திரும்பச் சுற்ற ஆன செலவை வீட்டில் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.

அதைவிட அவமானம், கீழ் வீட்டு மாமி வெள்ளிக்கிழமை சாயங்காலம் படியேறி வந்தது. தூர்தர்ஷனில் சினிமாப் பாட்டு ஓடும் நேரம் பார்த்து என் குரல் அவர் டிவியில் கரகரத்திருக்கிறது. லீனியரை (இந்த வால்வுகளை வைத்த பெருக்கிப் பெட்டி) அளவுக்கு மீறித் தள்ளினால் அலையின் தலை வெட்டுப்பட்டு அக்கம்பக்கம் எல்லாம் சிதறும். பேண்டில் பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பவனுக்கும் இதே கதிதான், ஆனால் அவனால் மாமி மாதிரி வந்து கதவைத் தட்ட முடியாது. இத்தனைக்கும் கிடைப்பது என்ன? 400 வாட்டை ஆயிரம் ஆக்கினால் 4 டெசிபல். எதிர்முனையில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் ஒரு புள்ளி நகர 6 வேண்டும். அந்தக் காசுக்கு டைபோல் ஆன்டெனாவைப் பத்தடி உயர்த்திக் கட்டியிருக்கலாம். தவிர, நம் நாட்டில் உரிமத்தின் உச்சவரம்பே 400 வாட். உங்கள் நாயகர் தன் ஒப்புதல் வாக்குமூலத்தைப் படத்தோடு பத்திரிகையில் போட்டுக்கொண்டிருக்கிறார், நீங்களும் 'சாதனையாளர்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதும் அல்ல. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தமானில் பாரதி பிரசாத்தும் கூட இருந்த ஹாம்களும் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியதை நீங்கள் 'பொழுதுபோக்கு வயர்லெஸ்' என்று எழுதினீர்கள். ஒன்றரைப் பக்கம் மறுப்பு எழுதினேன். 'ஹாம் ரேடியோ பயனுள்ளது என்கிறார் வாசகர்' என்று ஒரே வரி வந்தது, அதிலும் ஹாம் என்பது 'ஹம்' ஆகிவிட்டது. அப்பார்ட்மென்ட் சங்கத்தில் ஆன்டெனாவைக் கழற்றச் சொல்லி என்னைக் கூப்பிட்டபோது மேஜைமேல் விரித்து வைத்திருந்ததும் உங்கள் பத்திரிகைதான், மொபைல் டவரையும் எங்கள் ஒயரையும் ஒரே படமாகப் போட்ட அந்த இதழ். பழைய கதை, விடுங்கள்.

விட முடியாதது இந்தப் படம். லீனியரின் மூடி கழற்றியிருக்கிறது, பக்கத்தில் பத்து வயசுப் பையன், அவர் பேரனாம், வால்வின் தலையில் இருக்கும் தொப்பியை (பிளேட்டுக்கு மின்சாரம் போகும் இடம்) விரலால் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறான். விரலுக்கும் அதற்கும் நாலு அங்குலம் இருக்கலாம். அங்கே 2,000 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கும். ஸ்விட்சை அணைத்தாலும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பில்டர் கண்டென்சர் உடனே காலியாகாது, அதை வடியவிடும் பிளீடர் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். எர்த் கம்பி கட்டிய குச்சியால் தொட்டுப் பார்க்காமல் நாங்கள் உள்ளே கை வைப்பதில்லை.

திருத்தம் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம், போட்டாலும் வரி விளம்பரத்துக்குக் கீழே வரும் என்று தெரியும். அவர் போன் நம்பர் உங்கள் நிருபரிடம் இருக்குமே, இன்றைக்கே கூப்பிட்டு மூடியைப் போட்டு நாலு ஸ்க்ரூவையும் முறுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
மேற்கு மாம்பலம், சென்னை