புளி மண்டி சுவர் வேலை: எல்லாரும் படிச்சிடுங்க

வணக்கம். பழையபேட்டை மண்டியைக் கூத்து அரங்கமா மாத்தற வேலையில அடுத்தது சுவர் பூச்சு, திங்கள்கிழமை ஆரம்பம். சிமெண்ட் அடிச்சா சீக்கிரம் முடியுமேன்னு சிலர் கேட்டிருந்தீங்க. வேண்டாங்க. புளியில கலக்கற உப்பு வருஷக்கணக்கா சுவர்ல ஏறிக் கிடக்கு. மேற்குச் சுவரை விரலால தேய்ச்சுப் பாருங்க, மாவு மாதிரி வரும். அது மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே தங்கி, செங்கல்லையே அரிச்சிடும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளிய விடும். முதல் பூச்சு உதிர்ந்தாலும் பயப்படாதீங்க, உப்பை இழுத்துக்கிட்டு உதிர்றதுதான் அதோட வேலை. சுண்ணாம்புல கலக்கறதுக்குக் கடுக்காய், வெல்லம் ஊற வெச்சாச்சு. மேஸ்திரியை யாரும் அவசரப்படுத்தாதீங்க.

நல்லா இருக்கற உத்தரம், நாட்டு ஓடு எல்லாம் திரும்பப் போடறோம். இறக்கி வெச்ச ஓட்டை வீட்டுக்குக் கொண்டு போயிடாதீங்க (நிஜமாத்தான் சொல்றேன்).

உயர மேடை வேணாம்னு கூத்து வாத்தியார் சொன்னதுதான் சரி. மூணு பக்கமும் சனம் உட்கார்ந்தாத்தான் தெருக்கூத்து. ஒப்பனை அறைக் கதவை மட்டும் அகலப்படுத்தணும். புஜக்கட்டை (தோள்ல கட்டற கூத்து அணி) கட்டின ஆள் இப்ப பக்கவாட்டுலதான் நுழைய முடியுது.

ஞாயிறு காலை 7 மணிக்கு ஓடு கழுவற வேலை. வர்றவங்க இங்கயே பேர் போடுங்க, சாப்பாடு சொல்லணும்.