61 கார்டு, 187 வரிசை

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கம் உங்கள் வேலைகளைக் கார்டுகளாக ஒட்டி வைக்கும் ட்ரெல்லோ போர்டு, வலப்பக்கம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் யானை, நடுவில் செயலிகளை இணைக்கும் என்8என் கருவி போட்டுக் கொடுத்த ஒரு கோடு. "கோட் எழுதவில்லை அம்மா, கோடுதான் இழுத்தேன்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து ஆண்டுகள் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டியவள் நான். ஒரு கோடு இழுக்க எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கும். நீ ஒரு மாலையில் முடித்திருக்கிறாய்.

ஆனால் அடுத்த வரியிலேயே கவலையைக் கொட்டிவிட்டாய். போர்டில் இருப்பது 61 கார்டு, டேபிளில் ஏறியிருப்பது 187 வரிசை. ஏன் என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

ட்ரெல்லோ உனக்குக் கார்டுகளை அனுப்பவில்லை. நடந்தவற்றை அனுப்புகிறது. கார்டு உருவானால் ஒரு செய்தி, ஒரு லிஸ்டிலிருந்து இன்னொரு லிஸ்டுக்கு நகர்ந்தால் ஒரு செய்தி, கெடு தேதி மாறினால் ஒன்று, யாராவது கருத்து எழுதினால் ஒன்று. நீ போஸ்ட்கிரெஸ் பெட்டியில் "இன்சர்ட்" என்று தேர்ந்தெடுத்திருக்கிறாய். ஆகவே வந்த ஒவ்வொரு செய்தியும் புது வரிசையாக உட்கார்ந்துவிட்டது. கருவி சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

அதே பட்டியலில் கொஞ்சம் கீழே "இன்சர்ட் ஆர் அப்டேட்" என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால், எதை வைத்துப் பழைய வரிசையை அடையாளம் காண வேண்டும் என்று கேட்கும். இந்த இடத்தில்தான் உன் கை தானாகக் கார்டின் தலைப்பை நோக்கிப் போகும். போக விடாதே. என் கை போயிருக்கிறது.

நான் வேலையில் இருந்தபோது எங்கள் பிரிவின் வேலைப் பட்டியலை இரவுதோறும் டேட்டாபேஸில் ஏற்றுவோம். தலைப்பு ஒன்றாக இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர், இவ்வளவுதான் விதி. எழுதியவள் நானே. சில வாரங்களில் முடிந்த வேலைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. எங்கள் பிரிவுக்குப் பாராட்டுக்கூட வந்தது. எனக்குத்தான் உறுத்தியது. தேடிப் பார்த்தால் "கோப்பு சரிபார்ப்பு" என்ற ஒரே வேலை இரண்டு வரிசைகளில் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். பின்னால் இடைவெளி எதுவும் இல்லை. அச்சடித்து வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கூடப் பார்த்தேன், வேடிக்கை.

கடைசியில் முதல் சொல்லின் நீளத்தை டேட்டாபேஸையே கேட்டேன். ஒரு "கோப்பு" 6 என்றது, இன்னொரு "கோப்பு" 7 என்றது. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் கோ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க என்ற எழுத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஏகாரத்தின் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் துணைக்காலையும் தனித்தனியே வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே கோதான். டேட்டாபேஸுக்கு அவை வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித் தரும் கருவி ஒன்று கொம்பையும் காலையும் பிரித்து வைத்திருந்தது. பாராட்டைத் திருப்பிக் கொடுத்தோம் என்று வைத்துக்கொள். இப்போது போஸ்ட்கிரெஸில் இதைச் சீராக்க நார்மலைஸ் என்று ஒரு செயற்கூறே இருக்கிறது, 13-ஆம் பதிப்பிலிருந்து. ஆனாலும் தலைப்பு மனிதர்கள் தொடும் பொருள். நாளைக்கே யாராவது "அவசரம்!!" என்று முன்னால் சேர்ப்பார்கள்.

கார்டின் ஐடியை, அதாவது ட்ரெல்லோவே அதற்குத் தரும் அடையாளக் குறியை, பிடி. 24 இடங்கள், எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்திருக்கும். பெயரை மாற்றினாலும், லிஸ்டை மாற்றினாலும் அது மாறாது. இன்னொரு சங்கதி, இது உனக்குப் பிடிக்கும்: அதன் முதல் 8 இடங்களைப் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்ணாக வாசித்தால், 1970 ஜனவரி 1 முதல் கார்டு உருவான கணம் வரை கடந்த விநாடிகள் கிடைக்கும். கார்டு எப்போது பிறந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த ஐடி நெடுவரிசைக்கு டேபிளிலேயே யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே ஐடி இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி, போட்டுவிடு. அது இல்லாவிட்டால் "இன்சர்ட் ஆர் அப்டேட்" பிழை காட்டி நிற்கும். நிற்கட்டும், அதுதான் நல்லது. எங்களுக்கு இந்தச் சொகுசு இல்லை. 2016 ஜனவரியில் 9.5 பதிப்பு வரும் வரை போஸ்ட்கிரெஸில் இதற்கென்று தனிக் கட்டளையே கிடையாது. இருக்கிறதா என்று பார்ப்போம், இல்லை என்றால் சேர்ப்போம். பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் இடையிலுள்ள இமைப்பொழுதில் இன்னொருவர் சேர்த்துவிடுவார்.

சில வரிசைகளில் கெடு தேதி காலியாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதற்கும் காரணம் இருக்கிறது. யாரோ கருத்து எழுதினால் வரும் செய்தியில் கார்டின் ஐடி இருக்கும், தலைப்பு இருக்கும், கெடு தேதி இருக்காது. "இன்சர்ட் ஆர் அப்டேட்" போட்ட பிறகு இது இன்னும் மோசமாகும், ஏற்கெனவே இருந்த தேதியை வெறுமை வந்து அழித்துவிடும். எனவே வந்த செய்தியை அப்படியே டேபிளில் ஊற்றாதே. அதை அழைப்பு மணியாக மட்டும் எடுத்துக்கொள். மணி அடித்ததும் நடுவில் ஒரு பெட்டி சேர்த்து, அந்த ஐடியைக் கொடுத்து, கார்டின் இப்போதைய நிலையை ட்ரெல்லோவிடமே கேட்டு வாங்கி எழுது. செய்திகள் முன்பின்னாக வந்தாலும் அப்போது பெரிய சேதமில்லை.

அந்த 187 வரிசைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கப் போகிறேன் என்கிறாயே, அவசரப்படாதே. நீ தெரியாமல் செய்ததில் ஒரு புதையல் இருக்கிறது. எந்தக் கார்டு எந்த லிஸ்டிலிருந்து எந்த லிஸ்டுக்கு, எப்போது, யார் கையால் நகர்ந்தது என்பதெல்லாம் அதில் கிடக்கிறது. ஒரு வேலை "பரிசீலனை" லிஸ்டில் எத்தனை நாள் தூங்கியது என்று உன் மேலாளர் ஒருநாள் கேட்பார். அதற்கு விடை அந்த டேபிளில்தான் இருக்கும். அதை வரலாறு என்று பெயர் மாற்றி வைத்துக்கொள், நிலவரத்துக்கு இன்னொரு டேபிள் போடு. நிலவரத்தில் கார்டு ஐடிக்கு ஒரு வரிசை. வரலாற்றில் ஒவ்வொரு செய்திக்கும் அதற்கே உரிய ஐடி வரும், அதற்கு யூனிக். ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் ஒன்றுதான் பதிவாகும்.

இரண்டு முறை வருமா என்று கேட்பாய். வரும். உன் பக்கத்திலிருந்து பதில் கிடைக்காவிட்டால் ட்ரெல்லோ 30, 60, 120 விநாடி இடைவெளிகளில் மீண்டும் மூன்று முறை முயன்று பார்க்கும். நீ வாங்கிவிட்டு பதில் சொல்லத் தாமதித்தாலும் அதற்குத் தெரியாதல்லவா. எனக்கு அதைவிடப் பயம், வராமல் போவதில்தான். அந்த மூன்று முயற்சிகளைக் கூட்டினால் மூன்றரை நிமிடம். உன் சர்வர் பத்து நிமிடம் படுத்திருந்தால் அதில் நடந்ததில் பெரும்பகுதி போனது போனதுதான். யாரும் உன்னிடம் வந்து சொல்ல மாட்டார்கள்; திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். இரவில் ஒருமுறை போர்டின் எல்லாக் கார்டுகளையும் கேட்டு வாங்கி ஒப்பிடும் தனி ஒர்க்ஃப்ளோ ஒன்றை என்8என்னில் போடு. ஆர்க்கைவ் செய்தவற்றையும் சேர்த்துக் கேள். ஆர்க்கைவ் ஆன கார்டு போர்டில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. நீக்கிய கார்டுதான் இல்லாமலே போனது. இரண்டையும் ஒன்றாக நினைத்து டேபிளிலிருந்து வரிசையை அழித்துவிடாதே, "நீக்கப்பட்டது" என்று குறித்து வை, போதும்.

டேபிளில் மாற்றினால் ட்ரெல்லோவிலும் மாற வேண்டும் என்ற உன் அடுத்த திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. டேபிள் கார்டை மாற்றும், கார்டு மணியடிக்கும், மணி டேபிளை மாற்றும், டேபிள் மறுபடி கார்டை மாற்றும். ஒரு டோக்கனுக்கு, அதாவது கருவி உள்ளே நுழையும் அனுமதிச் சாவிக்கு, 10 விநாடிக்கு 100 கோரிக்கை என்று ட்ரெல்லோ வரம்பு வைத்திருக்கிறது; வேகம் அதை மீறினால்தான் இந்தச் சுழல் முட்டி நிற்கும். கட்டாயம் வேண்டுமென்றால் தானியங்கிக்கென்று தனிக் கணக்கு வைத்து, அந்தக் கணக்கு செய்த மாற்றம் என்றால் அங்கேயே நிறுத்தச் சொல். என்னைக் கேட்டால், கார்டுக்கு எஜமான் ட்ரெல்லோ, டேபிள் எழுதிக்கொள்ளும் கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளை எஜமானுக்கு உத்தரவு போட வேண்டாம்.

மற்றபடி நன்றாகச் செய்திருக்கிறாய். டேபிளின் நெடுவரிசைப் பட்டியலை எழுதி அனுப்பு, பார்க்கிறேன். நேரத்தைப் பதிந்து வைக்கும் நெடுவரிசை எந்த வகை என்பதையும் சேர்த்து எழுது; ட்ரெல்லோ தருவது யூடிசி என்ற உலகப் பொது நேரம், நம் ஊர் நேரம் அல்ல.

ஒன்று மட்டும் இன்றே செய். டேட்டாபேஸுக்குள் போக "போஸ்ட்கிரெஸ்" என்ற தலைமைக் கணக்கையே கொடுத்திருக்கிறாய். அந்த இரண்டு டேபிளை வாசிக்கவும் எழுதவும் மட்டும் உரிமையுள்ள கணக்கு ஒன்றை உருவாக்கி அதைக் கொடு. தலைமைக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடு. நீ அனுப்பிய படத்தில், பின்னால் திறந்து கிடந்த நோட்பேடில், அது முழுதாகத் தெரிகிறது.

அன்புடன்,
அம்மா