பொன்னாடை வேண்டாம், கூலி கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நீலகிரியில் காடு காக்கும் வேலையில் இருக்கும் பழங்குடிப் பெண்களை ஒன்றுகூட்டிப் பேச வைக்க வேண்டும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். நல்லதுதான், நடக்கட்டும். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு ஆள் திரட்டக் கூடமாட அலைந்தவள் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன்: வருகிற பெண்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். பஸ் காசு, மதியச் சாப்பாடு, துணிப்பை என்று எல்லாம் போட்ட பட்ஜெட்டில் அது மட்டும் விட்டுப்போகிறது. வெளியூரிலிருந்து வரும் நிபுணருக்கு மதிப்பூதியம், எஸ்டேட்டில் ஒருநாள் இலைபறிப்பை விட்டுவிட்டு வரும் பணியர் பழங்குடிப் பெண்ணுக்குப் பொன்னாடை. அதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் அரிசி தருவார்களா?

அந்தப் பெண்களும் நிபுணர்கள்தான். காட்டை மூடிப் பரவும் அயல்நாட்டுப் புதரான உண்ணிச்செடியை (லாண்டானா) அகற்றும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். மேலாக வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கொஞ்சம் கீழே வேரைப் பார்த்து வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும், அதுவும் முள் கையைக் கிழிக்க, உள்ளே ஏதாவது படுத்திருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு.

அப்புறம் தேதி. உலகப் பழங்குடியினர் நாள் என்பதால் எல்லாரும் ஆகஸ்ட் 9ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் அப்போது தென்மேற்குப் பருவமழை கொட்டும், மரம் சாய்ந்து சாலை அடைபடும். சரி, கோடையில் வைக்கலாம் என்றால் தேன் எடுக்கும் காலம். டிசம்பர், ஜனவரியில் காப்பி பறிப்பு. சென்னையில் உட்கார்ந்து நாள் குறிக்காமல் பாடிகளுக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புகளுக்கு, போய்க் கேட்டுவிட்டு அழைப்பிதழ் அடியுங்கள். காலை எட்டு மணிக்குப் பதிவு என்று போடாதீர்கள், யானை வழியை விட்ட பிறகுதான் கிளம்ப முடியும். இருட்டுவதற்குள் வீடு சேரவும் வேண்டும்.

ஓர் ஊரிலிருந்து ஒருத்தியை மட்டும் கூப்பிட்டால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். மூன்று நான்கு பேராக வரட்டும், கைக்குழந்தையோடு வரட்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பேச்சு இருக்கிறது. மேடையில் ஆங்கிலத்தில் படம் போட்டு விளக்கினால் யாருக்கு என்ன போய்ச் சேரும்? அவரவர் பேச்சில் பேசட்டும், மொழிபெயர்த்துச் சொல்ல அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே படித்துவிட்டு இருக்கிறார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். அரை நாளாவது அதிகாரிகள் இல்லாமல் நடத்துங்கள். காட்டில் வாழ்பவர்களுக்கு அங்கே நிலத்திலும் விளைபொருளிலும் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் வந்தது 2006இல். உரிமை கேட்டு வரும் மனுக்களை ஊரில் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும், பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து வர வேண்டும் என்றெல்லாம் அதிலும் அதன் விதிகளிலும் இருக்கிறது. தங்கள் ஊரில் அது எந்த அளவுக்கு நடக்கிறது, விறகுக்கும் கிழங்குக்கும் போனால் யார் மறிக்கிறார்கள் என்பதையெல்லாம் முன்வரிசையில் வனத்துறைச் சீருடை உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? தற்காலிகக் கூலியாக அதே துறையில் வேலை பார்ப்பவள் நிச்சயம் திறக்கமாட்டாள்.

மண்டபம் பிடிக்கும்போது பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கூடலூர்