குடியிருப்போர் நலச்சங்கம், அம்பத்தூர்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம், எத்தனை மனு என்ற கணக்கோடுதான் வழக்கமாக இந்த அறிக்கை தொடங்கும். இந்த வருடம் நாம் செய்த பெரிய வேலை வேறு. நம் ஊரை யார் நடத்துகிறார்கள் என்று உட்கார்ந்து படித்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலத்தில் தெருமுனை மூடியிலிருந்து கழிவுநீர் பொங்கியது நினைவிருக்கும். பால் வாங்கப் போகிறவர்கள் செங்கல் போட்டுத் தாண்டினார்கள். 52 பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். ஆறு வாரம் கழித்து, 'இது எங்கள் துறை சார்ந்ததல்ல' என்று ஒரு வரி பதில் வந்தது. முதலில் கோபம்தான் வந்தது. விசாரித்த பிறகுதான், நாம் போன இடமே தவறு என்று தெரிந்தது. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இரண்டின் மூடிகளும் தெருவில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சரியான இடத்தில் மனு கொடுத்த ஐந்தாம் நாள் லாரி வந்தது.

அந்த ஆறு வாரம்தான் நம்மைப் படிக்க வைத்தது. மாதம் ஒரு ஞாயிறு, மாலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் கூடினோம். உள்ளாட்சித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அம்பத்தூர் 2011 வரை தனி நகராட்சி. இன்றும் நம் பெரியவர்கள் மண்டல அலுவலகத்தை 'நகராட்சி ஆபீஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஆண்டு சென்னை மாநகராட்சி விரிவானபோது 155 வார்டுகள் 200 ஆயின. நாம் 7-வது மண்டலமானோம். 2016-ல் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் சென்னைக்கே கவுன்சிலர் கிடையாது, அதிகாரிகளின் நிர்வாகம்தான். நம் இளைஞர்கள் பலருக்குக் கவுன்சிலரிடம் போய்க் கேட்கும் பழக்கம் இல்லாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். 2011-ல் மேயருக்கு நேரடியாக வாக்களித்தோம், 2022-ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற விவரமே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. இதைப் பற்றிய விவாதம் இருட்டும் வரை நீண்டது.

அடுத்து பகுதி சபை. கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்தில் வாக்காளர்களே உட்கார்ந்து பேசும் இடம் இது. சென்னையில் வார்டுக்குப் பத்து பகுதிகள். அவற்றின் பிரதிநிதிகள் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவாகக் கூடுகிறார்கள். நம் பகுதிக் கூட்டத்துக்கு 19 பேர் போனோம். இடமும் நேரமும் முந்தின நாள் மாலைதான் தெரிந்தது என்பது வருத்தம். தெரிந்திருந்தால் இன்னும் பலர் வந்திருப்பார்கள். அங்கே நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர், கையெழுத்துக்கு நோட்டு வந்ததும், "எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க தம்பி" என்றார். படித்தபோது நம் தெருவிளக்குக் கோரிக்கை அதில் இல்லை. அங்கேயே சேர்த்து எழுதிய பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார். விளக்கு இப்போது எரிகிறது.

மற்றவை: செயற்குழு 11 முறை கூடியது. தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போட்டோம், ஒன்றுக்குப் பதில் வந்திருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. நம் தெருக்களில் பாதிக்கு மேல் வாடகைக் குடும்பங்கள். இங்கே வாக்களிக்கிறார்கள், இதே கழிவுநீரைத் தாண்டினார்கள். ஆனால் சங்க விதிப்படி வீட்டு உரிமையாளர்தான் உறுப்பினராக முடியும். மொட்டை மாடிக்கு வந்த வாடகைதாரர்கள் பின்வரிசையில் நின்றே கேட்டதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இந்த விதியை மாற்றும் தீர்மானம் உங்கள் கையில் உள்ள தாளில் மூன்றாவதாக இருக்கிறது. நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்