கேட்கிறவர்களுக்குச் சொல்வோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் அலுவலகத்தில் கணக்கெழுதும் ஒரு கிறிஸ்தவப் பெண். விசுவாசத்தை அறிவிப்பது என்றாலே துண்டுப் பிரசுரமும் ஒலிபெருக்கியும்தான் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு (1 பேதுரு 3:15). அப்படியானால் யாராவது விசாரிக்கும்படி நாம் வாழ வேண்டுமே!

வேறு மதத்தைச் சேர்ந்த தோழி ஒருவர் தாயை இழந்து வேலைக்குத் திரும்பியபோது நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. அவருடைய மாதக் கடைசிக் கணக்கை வாங்கி முடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் அவரே, "ஜெபத்தில் என்ன கேட்பீர்கள்?" என்றார். இடைவேளை முழுக்கப் பேசினோம். அவர் மதம் மாறவில்லை. அதற்காக நான் பேசவும் இல்லை.

பொய் ரசீதில் கையெழுத்திடுகிறவர் ஆராதனையில் எவ்வளவு உருக்கமாகப் பாடினாலும் பக்கத்து மேசைக்காரர் அவர் விசுவாசத்தை மதிக்க மாட்டார். தெருமுனைப் பிரசங்கத்துக்குத் தரும் பயிற்சியில் பாதியையாவது, வேலையிடத்து நேர்மைக்கும் பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதற்கும் சபைகள் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி