வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்து மாதக் கூட்டங்கள் நடந்தன. நவம்பரில் மழை, மே மாதம் மண்டபம் கல்யாணத்துக்குப் போய்விட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சென்னைப் பயணத்துக்கும் தகரப் பெட்டிக்கும் வந்துவிடுகிறேன்.

ஜனவரியில் பதினாறு பேர் வேன் பிடித்துப் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்குப் போனோம். உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை நம் கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொன்னவர். முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததும், அவர் கேட்டுச் சீவக சிந்தாமணி பக்கம் திரும்பியதும் இங்கேதான். ஐயர் தேடிச் சேர்த்த ஓலை ஏடுகளைப் பார்க்க நாம் விடியற்காலையில் வேன் ஏற வேண்டியிருக்கிறது! குறையாகச் சொல்லவில்லை. 1942இல் ஐயர் மறைந்தார். மறு ஆண்டே கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி முன்னின்று நூலகம் தொடங்கியதால்தான் அவை ஓரிடத்தில் இருக்கின்றன.

ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றுதான். துணைக்காலா ரகரமா என்று பொருளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த நம் மூத்த உறுப்பினர் ஒரே வரியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டார். அப்புறம் அவர் அன்று அதிகம் பேசவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை கடிதங்கள். ஐயர் தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். 1891இல் பாரீசிலிருந்து பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் தமிழிலேயே எழுதியிருக்கிறார். சரி, இதெல்லாம் வந்த கடிதங்கள். ஐயர் எழுதிய பதில்கள்? அவை போய்ச் சேர்ந்த வீடுகளில்தானே இருக்கும். ஒருவர் பெட்டியில் கிடைப்பது பாதிப் பேச்சுதான். மறு பாதி வேறு யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும். புதுமைப்பித்தன் கடிதங்கள் நமக்குப் படிக்கக் கிடைத்தது, அவற்றைப் பெற்ற மனைவி கமலா வைத்திருந்ததால்.

மதியம் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் சைன்போர்டு எழுதிப் பிழைத்த முத்தையா நோட்டீசையும் அழைப்பிதழையும்கூட விடாமல் சேர்த்திருக்கிறார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994இல் நூலகமாக்கியது. நம் வீடுகளில் அதே நோட்டீஸ் என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி பெட்டி. மறைந்த உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தார் எழுத்தாளர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களைப் போன வருஷம் நம்மிடம் ஒப்படைத்தார்கள். அதில் நடந்த தவறுகளுக்கு நானே பொறுப்பு. பதினோரு அஞ்சலட்டைகளை லேமினேஷன் செய்துவிட்டோம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை இனித் தாள் சேதமாகாமல் உரிக்க முடியாது. அதைவிடப் பெரிய தவறு, இடத்தை அடைக்கிறதே என்று உறைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டது. இப்போது ஒரு கடிதத்தின் தலையில் ‘திங்கள் இரவு’ என்று மட்டும் இருக்கிறது. எந்த வருஷத்துத் திங்கள்? அஞ்சல் முத்திரை சொல்லியிருக்கும்.

இன்லாண்டு கடிதங்களில் வேறு சங்கடம். இடம் போதாமல் மடிப்பு ஓரத்தில் நுணுக்கி எழுதிய கடைசி இரண்டு வரியை, பிரிக்கும்போதே கத்திரி தின்றிருக்கிறது. ‘அந்தப் பணத்தை’ வரை இருக்கிறது, அப்புறம் வெட்டு.

மீதியாவது பிழைக்கட்டும் என்று செயற்குழு சில முடிவுகள் எடுத்திருக்கிறது. குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டு எல்லாம் எடுத்துவிடுவது. துருக்கறை ஏற்கெனவே நான்கு தாள்களில் இறங்கிவிட்டது. எண் போடப் பென்சில் மட்டும். ஒவ்வொரு தாளையும் இரு பக்கமும் படமெடுத்துப் பட்டியல் போட்ட பிறகு, மூலத்தை ஒரு நூலகத்திடம் கொடுத்துவிடுவது. வட்டத்தின் மலரில் அச்சிடலாமே என்று சிலர் கேட்டீர்கள். தாள் நம் கையில் இருக்கலாம். எழுத்துரிமை எழுதியவருக்கும், அவருக்குப்பின் வாரிசுகளுக்கும் உரியது. அவர்களைக் கேட்காமல் ஒரு வரிகூடப் போட மாட்டோம்.

பட்டியல் வேலை ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாருங்கள். செல்லோடேப் மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம்.

செயலாளர்