தேநீர் குடித்து வருவதற்குள் கிளம்ப மறுக்கும் கார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிச் சூடேறிய பழைய அம்பாசிடர், சிறிது நேரம் நிறுத்தினால் மீண்டும் கிளம்ப மறுக்கிறது என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் கேட்டிருந்ததற்கு, பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றிப் பார்க்கும்படி பதில் தரப்பட்டிருந்தது. அது சில வண்டிகளுக்குப் பொருந்தலாம். அதே வழியில் போய் இரண்டு கோடைகளையும் கணிசமான பணத்தையும் இழந்தவன் என்ற முறையில், மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1972ஆம் ஆண்டின் மார்க் 2 அம்பாசிடர். தாராபுரத்தில் காலையில் முதல் சுற்றிலேயே கிளம்பிவிடும். குண்டடம் வழியாகப் பல்லடம் வந்து, ஒரு பேக்கரி வாசலில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் அசையாது. பேட்டரி, செல்ஃப், பொறிக்கு மின்சாரம் தரும் காயில் என்று மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றினேன், பலனில்லை. நிறுத்திய மறு நிமிடமே போட்டால் கிளம்புகிறது, ஒரு மணி நேரம் கழித்துப் போட்டாலும் கிளம்புகிறது, பத்து முதல் இருபது நிமிட இடைவெளியில் மட்டுமே முரண்டு பிடிக்கிறது என்பதை வெகுநாள் கழித்தே கவனித்தேன். எஞ்சின் நின்றதும் விசிறியும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால், சூடு வெளியேற வழியின்றி மேலேறுகிறது. இந்த எஞ்சினில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், சூடான புகையை வெளியேற்றும் புகைபோக்கி மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், அந்தச் சூடு நேராகக் கார்புரேட்டரைத்தான் தாக்கும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது செல்ஃப் சுற்றும் ஓசையை. இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினால் கோளாறு மின்சாரப் பக்கம். மோட்டார் காயில் கட்டுவதில் பெயர் பெற்ற கோவைப் பகுதிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: செல்ஃபுக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் மின்தடை, சூடு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.4 விழுக்காடு கூடுவதால், 60 டிகிரி ஏறினால் ஏறத்தாழக் கால் பங்கு கூடிவிடும். அதோடு பேட்டரியையும் எஞ்சினையும் வண்டி உடலோடு இணைக்கும் ஏர்த் பட்டையின் அடியில் துருவோ பெயின்டோ இருந்தால் கேட்கவே வேண்டாம். செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கும் வேளையில் நூறில் ஒரு பங்கு ஓம் தடைகூட 2 வோல்ட்டை விழுங்கிவிடும். பேட்டரியின் ஏர்த் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்துச் செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், செல்ஃபைக் கழற்றுவதற்கு முன் பட்டையைச் சுரண்டி இறுக்குங்கள். செலவு ஒரு உப்புத்தாள் மட்டுமே.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். இதில் நேரெதிரான இரண்டு நிலைகள் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறையில் பெட்ரோல் கொதித்து, எஞ்சினுக்குள் கலவையைக் கொண்டுசெல்லும் உள்வழி மேனிஃபோல்டுக்குள் வழிந்திருந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். அப்போது சோக்கை இழுக்காமல், ஆக்ஸிலேட்டரை முழுவதுமாக மிதித்து, விட்டு விட்டு மிதிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் கிளம்பும். வாடையே இல்லாமல் மிதவை அறை காய்ந்திருந்தால், பெட்ரோல் ஆவி வழியை அடைத்துக்கொண்டது என்று பொருள், நம்மூர் மெக்கானிக்குகள் ஏர் லாக் என்று சொல்வது அதுதான். கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் காற்று புகுந்தால் தண்ணீர் ஏறாததை நம் விவசாயிகள் அறிவார்கள். பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் இந்தப் பம்ப்பும் அப்படித்தான். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகிறது, பம்ப்பின் உள்ளே அசையும் தகடு (டயாஃபிரம்) அந்த ஆவியை அமுக்கி அமுக்கி விடுகிறதே தவிர நகர்த்துவதில்லை. ஈரத்துணியைப் பம்ப்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றினால் சில நிமிடங்களில் சரியாகும். பெட்ரோல் குழாயில் மரக் கிளிப்புகளை மாட்டும் பழைய வைத்தியத்தையும் நான் செய்து பார்த்தேன். துணி காயப்போடத்தான் அவை உதவின.

பொறியை உண்டாக்கும் மின்சுற்றில் உள்ள கண்டென்சரும் காயிலும் சூட்டில் மட்டும் தோற்பதும் உண்டு. பொறி மஞ்சளாக வலுவின்றி வந்தால் அதைச் சந்தேகிக்கலாம். பெட்ரோல் வாடை இருக்கும்போது மட்டும் பொறியைச் சோதிக்கவே கூடாது.

இப்போதெல்லாம் பழியை முழுவதும் எத்தனால் மீது போடுகிறார்கள். 2022இல் 10 விழுக்காடாக இருந்த கலப்பு 2025இல் 20 ஆகிவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆவியழுத்தம் கூடுவதும், பழைய ரப்பர் குழாய்களும் பம்ப்பின் தகடும் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல என்பதும் உண்மையே. ஆயினும் எத்தனால் வருவதற்கு வெகுகாலம் முன்பே இவ்வகைக் கார்கள் கோடையில் நின்றிருக்கின்றன.

என் வண்டியில் கண்டது இரண்டு: முன்பு எப்போதோ யாரோ மாற்றிய பெட்ரோல் குழாய் புகைபோக்கி மேனிஃபோல்டை உரசாத குறையாகச் சென்றது, கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த வெப்பத்தடுப்புப் பேக்கிங்குக்குப் பதில் மெல்லிய காகிதப் பேக்கிங் இருந்தது. குழாயை விலக்கி எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றி, சூட்டைக் கடத்தாத பேக்லைட் துண்டு ஒன்றைக் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வெட்டி வாங்கிக் கார்புரேட்டருக்கு அடியில் பொருத்தி, அதன் அடியில் சூட்டைத் தடுக்க அலுமினியத் தகட்டையும் வைத்தேன். பேக்லைட்டின் தடிமனுக்கு ஏற்ப கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் ஸ்டட் (மரையாணி) நீளமானதாக வேண்டும், ஆக்ஸிலேட்டர் கம்பியையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும் என்பதைக் கேள்வி கேட்ட வாசகர் மறந்துவிட வேண்டாம். பல்லடத்தில் நிறுத்தியதும் பானட்டை மட்டும் இன்னமும் திறந்து வைத்துவிட்டுத்தான் தேநீருக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
பழைய அம்பாசிடர் உரிமையாளர் ஒருவர்,
தாராபுரம்.